கொல்லிமலைக்கு மாத்தாளாகப் போகிறவர்களுக்கு

சேந்தமங்கலத்தைத் தாண்டிப் பேருந்து காரவள்ளியை நெருங்கும்போது ஜன்னல் வழியே பாருங்கள். அதுவரை குச்சிக்கிழங்குக் காடும் கோழிப்பண்ணையும் தென்னையுமாகத் தட்டையாகக் கிடந்த பூமி, ஒரே இடத்தில் சுவர் வைத்ததுபோல எழுந்து நிற்கும். இந்தப் பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை ஒரே தொடராக ஓடுவதில்லை. சேர்வராயன், கல்வராயன், போதமலை, பச்சைமலை, கொல்லிமலை என்று துண்டு துண்டாக நிற்கிறது, நடுவில் சமவெளி. சேலம், நாமக்கல்காரர்களான நமக்குக் கடல் தொலைவு. தீவு மட்டும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு மாலையே இறங்கிவிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. மூன்று வாரமோ ஒரு மாதமோ மலையில் தங்கி, ஒரு குடும்பத்தோடு காட்டுவேலை செய்து, அவர்கள் வீட்டில் சாப்பிட்டு, நாலு பேரைச் சொந்தமாக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். வேலைக்கு ஈடாகச் சோறும் இடமும் என்ற ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது; 1971இல் இங்கிலாந்தில் தொடங்கிய வூஃப் அமைப்பின் வழியாக இளைஞர்கள் நாடு நாடாகப் பண்ணைகளுக்குப் போகிறார்கள். நம் ஊரில் இதற்கு அமைப்பு எதுவும் தேவைப்படவில்லை. மாத்தாள் என்ற ஒரு சொல் போதும். இன்று உன் காட்டுக்கு நான், நாளை என் காட்டுக்கு நீ. கூலி கிடையாது, நாள்கணக்கு உண்டு.

போகும் வழி எளிது. நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலைமேலுள்ள செம்மேட்டுக்குப் பேருந்து இருக்கிறது. காரவள்ளியில் ஏற்றம் தொடங்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றும் பழக்கமுள்ளவர்கள் வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் ஏறாதீர்கள். கைக்குள் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். மேலே போனால் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், சமவெளியின் வெக்கை பாதி வழியிலேயே விட்டுப்போகும். ஆடி 17, 18இல் வல்வில் ஓரி விழாவுக்குச் செம்மேடு நிறைந்திருக்கும். விழா பார்க்க அது நல்ல நேரம், வீடு தேட ஆகாத நேரம்.

முதல் மூன்று நாள் செம்மேட்டில் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஒரு பட்டிக்குள் போய் நிற்காதீர்கள். மலை முழுவதும் நாடு நாடாகப் பிரிந்திருக்கிறது: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு என்று. ஒவ்வொரு நாட்டிலும் சின்னச் சின்ன ஊர்கள், பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்.) டீக்கடையில் உட்காருங்கள், சோளக்காட்டுச் சந்தையில் நில்லுங்கள், பேச்சு தானாக வரும். தங்க நினைக்கும் ஊரில் ஊர்க்கவுண்டரைப் பார்த்து, யார், எந்த ஊர், எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட வேண்டும். அது அனுமதிச் சீட்டு வாங்குவது போன்ற காரியமில்லை, மரியாதை. பெண்கள் இரண்டு பேராகப் போவது நல்லது.

எந்த மாதம் போகிறீர்களோ அதற்கேற்ற வேலை கிடைக்கும். ஆடியையொட்டி விதைப்பும் களையும். ஐப்பசி, கார்த்திகையில் சாமை அறுப்பு. அதன்பிறகு காப்பிப்பழம் பறிப்பு, தை மாசியில் மிளகு. மிளகுக்கொடி சவுக்குமரத்தின் உயரத்துக்கு ஏறிக்கிடக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவை மிதித்து ஏறிப் பறிப்பார்கள். அதில் மட்டும் ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். கீழே நின்று உதிர்ந்ததைப் பொறுக்கலாம், பாயில் காயவைக்கலாம். மார்கழியில் போனால் கம்பளி கட்டாயம்.

நான் போனது சாமை அறுத்து முடிந்த சமயம். வந்த முதல் வாரத்திலேயே உலக்கை கைக்கு வந்தது. சாமையின் உமி லேசில் போகாது. உரலில் இரண்டு படி போட்டு, எதிரெதிரே இரண்டு பெண்கள் நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். ஒரு உலக்கை ஏறும்போது இன்னொன்று இறங்க வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்தினால் தவறிவிடும், காதால் கேட்டுக் குத்த வேண்டும். குத்தியதை முறத்தில் போட்டுப் புடைத்து, உமியை ஊதிவிட்டு, மறுபடி உரலில். இப்படி மூன்று நான்கு நடை. கடைசியில் முறத்தின் ஓரத்தில் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி அரிசி நிற்கும். மலையில் சாமை ஏன் குறைந்தது என்று மேடையில் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். என் தோள்பட்டைக்கு அந்த ஒரு மாலையில் புரிந்தது.

இன்னொரு காரணம் கீழே, சேலத்தில் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் தொடங்கியது. சுற்றுவட்டாரம் முழுவதும் கிழங்குக்குக் காசு உண்டு என்றான பிறகு, மலைச்சரிவிலும் சாமையும் தினையும் இருந்த இடத்தில் குச்சிக்கிழங்கு ஏறியது. மக்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கையில் காசு தரும் பயிரை யார்தான் விடுவார்கள்? அப்படியும் விதையைக் கைவிடாத வீடுகள் இருக்கின்றன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்து, ஊர் விதை வங்கிகளையும் உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுவந்தது. உங்களை ஏற்றுக்கொள்ளும் வீட்டில் விதைப்பானை இருந்தால் பெயர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லியச்சாமை, பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, திரிகுலச்சாமை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மண், ஒரு நாள்கணக்கு, ஒரு ருசி.

இனி, நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் இரவு, சாப்பிட்ட கையோடு ஐந்நூறு ரூபாயை அந்த வீட்டு அக்காவிடம் நீட்டினேன். நன்றாகத்தான் நினைத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை, பேசவும் இல்லை. மறுநாள் காலை என்னை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்; காப்பி மட்டும் வந்தது, விருந்தாளிக்கு வருவதுபோல டம்ளரில், தட்டு வைத்து. மத்தியானம் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் விளக்கினார்: "காசு எதுக்கு கண்ணு? அவ நாலு காட்டுக்கு ஆள் பாக்கி வெச்சிருக்கா. அவளுக்குப் பதிலா நீ ஒரு நாள் போ." மறுநாள் முன்பின் தெரியாத ஒருவர் காட்டில், அந்த அக்காவின் பேரில் மண்வெட்டி பிடித்தேன். அன்று மாலை அக்கா பழையபடி பேசினார். அதற்கப்புறம் ஊரில் என்னைக் குறிப்பிடும்போது அவர் வீட்டுப் பேரைச் சேர்த்துச் சொன்னார்கள். தங்கும் வீட்டுக்கு மட்டும் உழைத்தால் ஒரு குடும்பம்தான் பழக்கமாகும். அவர்களுடைய பாக்கியை அடைக்கப் போனால் ஊரே பழக்கமாகும்.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். கூலிக்கு ஆள் வைக்கும் தோட்டத்தில் இலவசமாக வேலை செய்யாதீர்கள். வெளியூர் முதலாளியின் காப்பித் தோட்டத்தில் நீங்கள் பொழுதுபோக்காகப் பறிக்கும் ஒரு நாள், ஒரு பெண்ணின் கூலி நாள். மாத்தாள் முறை சொந்தக் காட்டில் சொந்தக் கையால் பாடுபடும் வீடுகளுக்கு உரியது, அங்கே மட்டும் போங்கள். எத்தனை மணிநேரம், எங்கே படுக்கை, எந்த நாள் ஓய்வு என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். காலையில் இறங்கி மத்தியானம் கரையேறுவது புதியவருக்குப் போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பரை அழைத்துப்போனால், சுற்றுலா விசாவில் இப்படி வேலை செய்யலாமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தங்க வைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றாமல் நீங்களே உடனிருந்து முடித்துக்கொடுங்கள்.

மலையில் நிலையாகத் தங்கிவிடும் எண்ணம் யாருக்காவது இருந்தால், கொல்லிமலைக்கு முன்பாக ஒருமுறை தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவிலுள்ள சிட்டிலிங்கிக்குப் போய்வாருங்கள். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அது இன்று மருத்துவமனை. ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக நிற்கிறார்கள். பிறகு அனு, கிருஷ்ணா இருவரும் துளிர் என்ற கல்வி மையத்தைத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு பள்ளத்தாக்கில் எப்படி வேர்பிடிக்கிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் பக்கத்தில் இல்லை.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான்: தேய்ந்தாலும் பரவாயில்லாத செருப்பு, டார்ச், போர்வை, உங்களுக்கு வழக்கமான மாத்திரை. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. வீட்டுக்குப் பரிசு வாங்க நினைத்தால் கீழிருந்து எண்ணெயோ பருப்போ வாங்கிப் போங்கள். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் அதையடுத்த ஆகாய கங்கைக்கும் ஓய்வு நாளில், வீட்டுப் பிள்ளைகளோடு போங்கள். 1,000 படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும். மழை வலுத்தால் அருவிக்குள் விடமாட்டார்கள்.

கிளம்பும் அன்று கணக்குப் பார்ப்பார்கள். யார் காட்டுக்கு யார் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுவார்கள். எல்லாவற்றையும் அன்றே நேர்செய்ய முயலாதீர்கள். நான் இறங்கியபோது அக்கா இரண்டு படி சாமையரிசி கட்டிக் கொடுத்தார், குத்திப் புடைத்தது. பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் பாக்கி இருக்கிறது. கார்த்திகையில் அறுப்பு.