தனியே இருக்கும்போது தொண்டை அடைத்தால்



பிள்ளைகள் வேலைக்கும் பாடசாலைக்கும் போன பின்னர், நமது வீடுகளில் அம்மாவோ அப்பாவோ தனியே இருந்துதான் மதியம் சாப்பிடுகிறார்கள். விரதம் இருந்தவர்களும் பல வேளைகளில் தனியாகவே பாரணை செய்கிறார்கள். அந்நேரம் ஒரு துண்டு வடையோ, காய்ந்த புட்டோ தொண்டையில் சிக்கினால் முதுகில் தட்ட ஒருவரும் இல்லை. அப்போது நம்மை நாமே காப்பாற்றுவது எப்படி என்பதை இம்முறை அறிந்து கொள்வோம்.

புரைக்கேறுவதும் மூச்சுக்குழாய் முழுதாக அடைபடுவதும் ஒன்றல்ல. இருமலும் குரலும் வந்தால் காற்றுப் போய் வருகிறது. பலமாக இருமிக் கொண்டே இருங்கள். இரண்டும் வராவிட்டால் வழி முழுதாக அடைபட்டுவிட்டது. அப்போது தண்ணீர் குடிக்க வேண்டாம். உச்சந்தலையில் தட்டுவதாலும் பயனில்லை. நமக்கு உள்ளவை சில நிமிடங்களே.

1. தொலைபேசி கைக்கெட்டினால் 999 அழுத்துங்கள். பேச முடியாவிட்டாலும் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். கைத்தொலைபேசியாயின், கேட்கும்போது 55 அழுத்தினால் பொலிசாருடன் இணைப்பார்கள். தொலைபேசியைத் தேடி மாடிப்படி ஏறி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

2. ஒரு கையை முட்டியாக மடக்கி, பெருவிரல் பக்கத்தைத் தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே வையுங்கள். மற்றக் கையால் அதைப் பற்றி, உள்நோக்கியும் மேல்நோக்கியும் சடுதியாக அழுத்துங்கள்.

3. கையில் பலம் போதாவிட்டால், அசையாத கதிரையின் முதுகிலோ குசினி மேசையின் விளிம்பிலோ அதே இடம் படும்படி குனிந்து, உடற்பாரத்தைப் போட்டு வேகமாக அழுத்துங்கள். அடைத்தது வெளியே வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

1974ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் ஹென்றி ஹைம்லிக் அறிமுகப்படுத்திய வயிற்று அழுத்த முறையே இது. நுரையீரலில் எஞ்சியுள்ள காற்று, போத்தல் மூடியைத் தள்ளுவது போல அடைப்பை வெளியே தள்ளுகிறது. கர்ப்பிணிகள் வயிற்றை அழுத்தக் கூடாது. நெஞ்சின் நடுவிலேயே அழுத்த வேண்டும். கைக்குழந்தைகளுக்கு இம்முறை ஆகாது. அடைப்பு நீங்கிய பின்னரும், வயிற்றை அழுத்தியவர்கள் உள்ளே காயம் உண்டா என்று வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பலர் கூடியிருக்கும்போது அடைத்தால், வெட்கப்பட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்த வேண்டாம். இரு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக் காட்டுங்கள். அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருப்பவரே நமக்குத் துணை.

வரும் முன் காப்பதும் நம் கையில்தான் உண்டு. இருந்து சாப்பிடுங்கள், சிறு கவளமாக மென்று விழுங்குங்கள். பொய்ப்பல் கட்டியவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். விரதம் முறிக்கும் பசியில் அவசரம் வேண்டாம்.

பிள்ளைகளே, இன்று மாலை அம்மா அப்பாவைக் குசினியில் நிறுத்தி, கை வைக்கும் இடத்தையும் குனிய வேண்டிய கதிரையையும் காட்டிக் கொடுங்கள். பழகும்போது அழுத்த வேண்டாம். தொட்டுப் பார்த்தாலே போதும். நாளை மதியம் அவர்கள் தனியே சாப்பிடும்போது இந்த அறிவு அவர்களுக்குத் துணையிருக்கும்.