குற்ற வழக்கின் நான்கு படிகள்



பிழைப்பு நாடி அந்தமான் வந்த தமிழ்க் குடும்பத்தவன் நான். பயில்வது இயற்பியல், எனினும் சட்டத்தின் அரிச்சுவடி எல்லார்க்கும் வேண்டும். எங்கள் தெருத் தொழிலாளி ஒருவர், சாட்சியாக அழைக்கப்பட்டு, இந்தித் தாளொன்றில் பொருளறியாது கையெழுத்திட்டுவிட்டுப் பல இரவுகள் உறங்காமல் கலங்கினார்.

1906இல் கட்டி முடிந்த இங்குள்ள செல்லுலார் சிறையில், காவல் காத்த அதிகாரியே கைதிகளுக்குத் தண்டனையும் விதித்தார். ஓரிடத்தில் குவிந்த அதிகாரம் கொடியதன்றோ! ஆகவே இன்று அது நான்காகப் பிரிந்துள்ளது: புலனாய்வு காவல்துறைக்கு; வழக்கு நடத்தல் அரசு வழக்கறிஞர்க்கு; தீர்ப்பு நீதிமன்றத்துக்கு; தண்டனைக் காவல் சிறைக்கு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். இத்தீவுகளுக்குக் கல்கத்தா உயர்நீதிமன்றமே மேல்மன்றம். அதன் சுற்று அமர்வு இங்கேயே கூடுகிறது.

2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த புதிய சட்டங்களின்படியும், புலனாய்வில் சாட்சி காவலரிடம் கூறியதை எழுதிய தாளில் அவரது கையெழுத்து வாங்கலாகாது. காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் சான்றாகாது. எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அமைந்தால், மன்றத்தில் அதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.

அத்தொழிலாளிக்கு இவற்றை முன்பே தமிழில் சொல்வாரில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் நாம் சொல்லுவோமா?