மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போன இரண்டாம் மாதமே இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய், சந்தோஷமாக இருக்கிறது. அமெரிக்க வீடியோ ஒன்றில் இரண்டு லைவ் வயருக்கு ஒரே நியூட்ரல் இழுக்கிறார்கள், சட்டமும் அதை ஒப்புக்கொள்கிறதாம். அப்படியிருக்க, நீங்கள் வேலை பார்க்கும் பழைய வீட்டில் மூன்று ஃபேஸுக்கு ஒரே நியூட்ரல் ஓடுவதைப் பார்த்து உங்கள் கான்ட்ராக்டர் ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்கிறாய்.

அவர் கோபப்பட்டது சரி. வீடியோவும் பொய்யில்லை.

அமெரிக்க வீட்டுக்குள் இரண்டு லைவ் வருகிறது. நியூட்ரலுக்கும் ஒவ்வொன்றுக்கும் 120 வோல்ட், இரண்டுக்கும் நடுவே 240. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் ஒன்றில் 10 ஆம்பியர், மற்றதில் 8 ஆம்பியர் ஓடினால் பொது நியூட்ரலில் திரும்புவது 2 ஆம்பியர்தான். ஒரு வயர் மிச்சம். அவர்களுடைய மின் விதித்தொகுப்பான என்இசி இதை அனுமதிக்கிறது, ஆனால் கடிவாளம் போட்டு. 2008 பதிப்பிலிருந்து, ஒரு பிரேக்கரை ஆஃப் செய்தால் கூடவே மற்றதும் ஆஃப் ஆகும்படி பிணைத்திருக்க வேண்டும். நியூட்ரல் ஒரு பிளக் பாயின்ட்டின் ஸ்க்ரூவை நம்பித் தொடரக் கூடாது. வயர்களைத் தனியே முறுக்கி இணைத்து, பாயின்ட்டுக்கு ஒரு வால் மட்டும் விட வேண்டும். பாயின்ட்டைக் கழற்றினாலும் நியூட்ரல் அறாது. (அங்கே கறுப்பு லைவ், வெள்ளை நியூட்ரல். நம் வீட்டு வயரிங்கில் கறுப்புதான் நியூட்ரல். அந்த வீடியோவின் நிறங்களை மனதில் ஏற்றிக்கொள்ளாதே.)

இரண்டையும் சேர்த்து ஏன் ஆஃப் செய்ய வேண்டும் என்பதை நான் கையால் கற்றேன். உன் வயதில் ஒரு வீட்டில் ஹால் எம்சிபியை மட்டும் இறக்கினேன். ஃபேஸில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. ஜங்ஷன் பாக்ஸில் கறுப்பு வயர் ஜாயின்ட்டைப் பிரித்தேன். பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது, அதே நொடி என் விரலில் அடி விழுந்தது. அந்த ஃபேன் வேறு ஃபேஸில் ஓடி, என் கையிலிருந்த கறுப்பு வயர் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. பிரித்ததும் அந்த முனையில் ஃபேன் வழியாக 230 வோல்ட் வந்து நின்றது. ஸ்டூலிலிருந்து விழாதது என் அதிர்ஷ்டம்.

ஆளைத் தொடாவிட்டாலும் சாமானைத் தொடும். பொது நியூட்ரல் அறுந்தால் இரண்டு ஃபேஸில் இருக்கும் பொருள்கள் சீரீஸில் மாட்டிக்கொள்ளும், குறுக்கே 400 வோல்ட். ஒன்றில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், மற்றதில் 100 வாட் குண்டு பல்பு என்று வை. பல்பின் ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்கு, ஆகவே 400ஐப் பதினொரு பங்கு போட்டால் பத்து பங்கு அதற்கு: சுமார் 364 வோல்ட். அந்த இடத்தில் டிவி இருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. எந்த எம்சிபியும் விழாது, ஏனென்றால் அதை இறக்கும் அளவுக்குக் கரன்ட் ஓடவில்லை.

இனி நம் ஊர்க் கதை. ஒரு ஃபேஸில் கரன்ட் போனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சேஞ்ச் ஓவரைத் திருப்பி இன்னொரு ஃபேஸில் போட்டுவிடுகிறார்கள். தனித்தனி நியூட்ரல் இருந்தால் உள் வயரிங்குக்கு அதனால் கெடுதல் இல்லை. ஒரே நியூட்ரல் இருந்தால், மூன்று ஃபேஸுக்கும் நடுவே கழிந்துகொண்டிருந்த கரன்ட் அத்தனையும் கூட ஆரம்பிக்கும். மூன்று அறையும் ஒரே ஃபேஸுக்கு வந்து, ஒவ்வொன்றும் 14 ஆம்பியர் இழுத்தால் கறுப்பு வயரில் 42. பைப்புக்குள் இருக்கும் 2.5 ஸ்கொயர் வயர் அதில் பாதியைத்தான் தாங்கும். ஒவ்வொரு அறையின் 16 ஆம்பியர் எம்சிபியும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். சுவருக்குள் இன்சுலேஷன் உருகும். உங்கள் கான்ட்ராக்டர் டிபி பக்கத்தில் அந்த சேஞ்ச் ஓவரைப் பார்த்துத்தான் குரல் உயர்த்தியிருப்பார்.

எந்த வீட்டிலும் நியூட்ரலில் மட்டும் ஃப்யூஸோ சுவிட்சோ போடாதே. 1956 மின்சார விதிகளில் 32ஆம் விதியே அதைத் தடுத்தது: போட்டால் ஃபேஸோடு சேர்ந்து திறக்கும் சுவிட்சாக இருக்க வேண்டும். ஆர்சிசிபி இருக்கும் இடத்தில் பக்கத்து சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கினால் அது காரணமில்லாமல் விழுவது போலத் தெரியும்; வீட்டுக்காரர் அதை பைபாஸ் பண்ணச் சொல்வார். பண்ணாதே, நியூட்ரலைத் தேடு.

அந்த வீட்டுக்கு நாளை போனதும் மெயினை இறக்கு. டெஸ்டர் வைக்கும்போது கறுப்பையும் சேர்த்துப் பார். பைப்பில் இடமிருந்தால் இன்னும் இரண்டு கறுப்பு இழுத்து, ஒவ்வொரு அறை நியூட்ரலையும் லிங்க்கில் தனித் துளையில் முறுக்கி, எந்த அறை என்று எண் மாட்டு. பைப் நிறைந்திருந்தால் புதுப் பைப் போடத்தான் வேண்டும், செலவை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரை அந்த சேஞ்ச் ஓவர் கைப்பிடியைக் கழற்றி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு ஃபேஸ் போனால் அவர் நிச்சயம் திருப்பிப் பார்ப்பார்.

அன்புடன்,
உன் மாமா