வைக்கோல் உடம்பு

சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் ஜார்ஜ் டவுன் தெருக்களில் பந்தல் எழும். உள்ளே ஆவிகளை அடக்கி ஆளும் தாய் சு யா பெரிய உருவமாக நிற்பார். மூங்கில் சட்டம், மேலே வண்ணக் காகிதம், அவ்வளவுதான். விழா முடிந்ததும் எரித்துவிடுவார்கள். ஆவிகளைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பிப் போகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. "இவ்வளவு செலவு பண்ணி ஏண்ணே எரிக்கிறாங்க?" என்று நம் வகுப்புத் தம்பி ஒருவர் கேட்டார். எனக்குத் தோன்றியது இது: எரித்தால்தான் அடுத்த வருஷம் மறுபடி செய்யணும். செய்யத் தெரிந்த கை ஊரில் இருந்தே ஆகணும்.

நம்மிடமும் இப்படி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. கூத்தாண்டவர் என்பது அரவான். அர்ஜுனனுக்கும் உலூபிக்கும் பிறந்தவர். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலி ஆனவர். அவருடைய மரத்தலை கோயிலில் எப்போதும் இருக்கும். உடம்பு மட்டும் வருஷா வருஷம் புதுசு. தேரில் உயரமான கம்பம் நட்டு, வைக்கோல் பிரி சுற்றி, மேலே பூமாலை சாத்துவார்கள். புஜம் ஒரு ஊரிலிருந்து வரும், மார்புப் பதக்கம் இன்னொரு ஊரிலிருந்து, குடை வேறொரு ஊரிலிருந்து. ஒரு ஊர் கோபித்துக்கொண்டு வராவிட்டால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க! தேர் அழுகளம் போனதும் மாலைகளைக் களைவார்கள். அவரைக் கணவராக ஏற்றுத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் அங்கே தாலி அறுத்து அழுவார்கள்.

நம் தைப்பூச வெள்ளி ரதம் 1894இல் வந்தது. இன்றும் அதே ரதம்தான் தண்ணீர்மலைக்குப் போகிறது. பெருமைதான், இல்லைன்னு சொல்லல. ஆனால் ரதத்தை வரவேற்கத் தெரிந்த நமக்கு ஒரு சட்டம் கட்டத் தெரியுமா? காவடியைக்கூட நிறைய பேர் வாடகைக்கு எடுக்கிறோம். அதைக் கட்டியவர் யாருன்னு எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அதனால் இந்தத் தவணை வகுப்பில் ஒரு பூதகணம் செய்யப் போகிறோம். சிவபெருமானின் படை, பானை வயிறு, முழி பிதுங்கிய கண். சாமி உருவம் வேண்டாம், அதற்கு வேறு முறை உண்டு. மைசூர் தசரா ஊர்வலத்தில் ஆள் உள்ளே புகுந்து ஆட்டும் காருடி கொம்பே என்ற பெரிய பொம்மைதான் நமக்கு மாதிரி. மூங்கிலைப் பிளந்து கூடை மாதிரி கட்டணும். பாரம் தோளில் இறங்கணும், கழுத்தில் இல்லை. தலையைக் களிமண் அச்சின் மேல் காகிதமும் கஞ்சியும் ஒட்டிச் செய்து, காய்ந்ததும் மண்ணை எடுத்துவிடணும். தலை கனத்தால் உள்ளே இருப்பவர் தள்ளாடுவார். பினாங்கு ஈரக்காற்றில் ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காயாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அவசரப்படாதீங்க.

பழைய பத்திரிகை, பழைய வேட்டி, பாட்டி வைத்திருக்கும் கிழிந்த சேலை, எது கிடைத்தாலும் எடுத்து வாங்க. கால் ஒரு குழு, கை ஒரு குழு, தலை ஒரு குழு. உயரம் எட்டடிக்கு மேல் வேண்டாம்; மண்டபக் கதவு அவ்வளவுதான்.