பவுண் என்றால் சுத்தத் தங்கமா?

யாழ்ப்பாணத்தில் கல்யாணப் பேச்சு எங்கே தொடங்கினாலும், "மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பவுணில் கொடி போடுகினம்?" என்ற கேள்விக்கு வராமல் முடியாது. பவுண் எங்களுக்கு நிறை. சிலருக்கு அது தரமும்கூட. "பவுண் காப்பு" என்றால் தங்கக் காப்பு என்றே பொருள். இவ்வளவு நெருங்கிய சொல்லைப் பற்றி எங்களிடம் உலவும் சில நம்பிக்கைகள் பிழையானவை. அந்தப் பிழைக்காகக் காசை இழப்பவர்களும் இருக்கிறார்கள்.

பவுண் என்றால் கலப்பில்லாத தங்கம் என்பது அவற்றில் முதலாவது. இந்தச் சொல் இங்கிலாந்தின் சவரின் என்ற தங்கக் காசிலிருந்து வந்தது. 1817 முதல் அச்சடிக்கப்பட்ட அந்தக் காசின் பெறுமதி ஒரு பவுண்; நிறை 7.988 கிராம். அதில் பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்குதான் தங்கம். மிச்சம் பெரும்பாலும் செம்பு. 22 கரட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1526இல், இங்கிலாந்து தன் தங்கக் காசுக்கு ஏற்றுக்கொண்ட தரம் அது. கலப்பில்லாத தங்கம் மெதுமையானது. கைமாறக் கைமாறத் தேயும், வளையும். ஆகவே பவுண் பிறந்தபோதே அதனுள் செம்பு இருந்தது. பொன்னுருக்குக்கு இங்கிலாந்துக் காசை எடுத்துக் கொடுத்த குடும்பங்களில், பத்தர் ஊதி உருக்கியதும் செம்பு கலந்த பொன்னைத்தான். செம்பு சேர்த்தார் என்பதற்காக மட்டும் ஒரு பத்தரைக் கள்ளன் என்று சொல்வது அநியாயம். எவ்வளவு சேர்த்தார் என்பதை மறைத்தால்தான் அது களவு.

சென்னையில் விற்கும் சவரன் வேறு, எங்கள் பவுண் வேறு என்று வாதாடுபவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே காசுதான். தமிழ்நாட்டார் காசின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் அதன் பெறுமதியின் பெயரை எடுத்துக்கொண்டோம். பவுன் என்ற பேச்சு அங்கேயும் உண்டு. இரண்டு கரையிலும் கடைக்கணக்கு இன்று 8 கிராம். பத்துப் பவுண் கொடியில் பழைய காசுக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 0.12 கிராம்தான்.

ஆங்கிலத்தில் பவுண் என்ற சொல்லே தங்கத்துக்காக வந்தது என்ற எண்ணமும் சரியல்ல. அது முதலில் வெள்ளியின் கணக்கு. ஒரு பவுண் நிறை வெள்ளியிலிருந்து 240 பென்னிக் காசுகள் என்பதே பழைய முறை. தங்கக் காசு அந்தப் பெயரோடு சேர்ந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான். 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியதும் சவரின் மக்களின் கைப்புழக்கத்திலிருந்து மறைந்தது. இங்கிலாந்தில் அந்தச் சொல்லிலிருந்து தங்கம் கழன்று நூறாண்டு கடந்துவிட்டது. இன்னும் அதைப் பிடித்து வைத்திருப்பது நாங்கள்.

கரட் விடயத்தில் குழப்பம் இன்னும் கூட. வைரத்துக்குக் கரட் என்றால் நிறை, 200 மில்லிகிராம். தங்கத்துக்கு அது 24 பங்கில் எத்தனை பங்கு என்ற கணக்கு. மத்தியதரைக்கடல் ஓரத்துக் கரோப் மரத்தின் விதையிலிருந்து அந்தப் பெயர் வந்தது. எங்கள் பத்தர்மாரின் குண்டுமணியும் மஞ்சாடியும் போல அதுவும் தராசில் ஏறிய விதைதான். அந்த விதைகள் எல்லாம் அச்சொட்டாக ஒரே நிறை என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வு அவற்றை நிறுத்துப் பார்த்தது. மற்ற மரங்களின் விதைகளைப் போலவே அவையும் கூடிக் குறைந்துதான் இருந்தன.

என்னை மிகவும் உறுத்துவது கடைசி நம்பிக்கை. வெளிநாட்டிலிருந்து வந்த நகை என்றால் தரமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பிரித்தானியக் கடைகளில் 9 கரட் நகை சாதாரணம். அதில் 375 என்ற முத்திரை இருக்கும்: ஆயிரத்தில் 375 பங்கு தங்கம். முத்திரை உண்மையானது, அதில் ஏமாற்றே இல்லை. ஆனால் 8 கிராம் நிறையுள்ள அந்தச் சங்கிலியில் தங்கம் 3 கிராம் மட்டுமே. அதே நிறையில் 22 கரட் சங்கிலி என்றால் 7.33 கிராம். பேத்திக்கு லண்டனிலிருந்து வந்த "ஒரு பவுண்" சங்கிலியை அவசரத்துக்கு அடைவு வைக்கவோ விற்கவோ கஸ்தூரியார் வீதிக்குக் கொண்டுபோகும் அம்மம்மாவுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தராசு ஒரு பவுண் என்றுதான் காட்டும். விலை அதில் பாதிக்கும் குறைவாக வரும்.

நகைக்குள் பொறித்த எண்ணைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். 916 என்றால் 22 கரட், 875 என்றால் 21, 750 என்றால் 18, 585 என்றால் 14. வாங்கும்போது பற்றுச்சீட்டில் பவுண் என்று மட்டும் எழுத விடாதீர்கள். கிராமையும் கரட்டையும் தனித்தனியே எழுதி வாங்கி, நகையோடு சேர்த்தே வையுங்கள்.