போனில் கடல் கடந்து பேசுவது: நன்மையும் தொல்லையும்



இந்த இதழின் பாடம் இன்டர்நெட் மூலமாகப் பேசுவதைப் பற்றியது. வட்ஸ்அப், வைபர், இமோ என்று நாம் சொல்வதெல்லாம் இதில் அடங்கும். "இதைக் கூடவா பாடமாகப் படிக்கணும்? சின்னப் புள்ளைக்கே தெரியுமே" என்று சில பேர் கேட்பீர்கள். பொத்தானை அமுக்க எல்லாருக்கும் தெரியும். ஆனால் பேச்சு எப்படிப் போகிறது, எதற்குக் காசு போகிறது, எப்போது இதை நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்று கேட்டால் பெரியவர்களே முழிக்கிறோம். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத தாத்தா பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அன்றைக்கு எப்படி இருந்தது?

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலைநாட்டில் நாட்டுரிமை இல்லாமல் இருந்த நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதென்றும் அதில் முடிவானது. அதன் பிறகு எத்தனையோ லயங்களில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பம் பிரிந்தது. போனவர்களில் நிறையப் பேர் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் மறுபடியும் தேயிலை மலைக்கே வேலைக்குப் போனார்கள். 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பலும் நின்று போனது.

என் தாத்தாவின் தம்பியும் அப்படிக் கோத்தகிரிக்குப் போனவர்தான். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் வருடத்துக்கு இரண்டு கடிதம் வரும். கடிதத்தை வாசிப்பது என் வேலை. ஒரு நாள் வந்த கடிதத்தில் அவர் காலமான செய்தியும், காரியம் முடிந்த செய்தியும் ஒன்றாகவே இருந்தன. தாத்தா ஒன்றும் பேசவில்லை. கொந்தரப்புக்கு எடுத்து வைத்த கவ்வாத்துக் கத்தியைத் திரும்ப இஸ்தோப்பு மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தம்பியின் குரலை அவர் கடைசியாகக் கேட்டது தலைமன்னாருக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட்ட அன்றுதான்.

போன வருடம் அதே கோத்தகிரி வீட்டில் ஒரு கல்யாணம். நாங்கள் பதினொரு பேர் ஒரு காம்பராவில் உட்கார்ந்து, தாலி கட்டுவதை போனில் பார்த்தோம். இந்தப் பாடத்தை எழுத எனக்கு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

இது எப்படி வேலை செய்கிறது?

பழைய டெலிபோனில் நீங்கள் பேசும்போது உங்களுக்கென்று ஒரு வழியை முழுசாக ஒதுக்கி விடுவார்கள். நீங்கள் சும்மா இருந்தாலும் அந்த வழி உங்களுக்குத்தான். தூரமும் நேரமும் கூடக்கூடக் காசு கூடியதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

இன்டர்நெட்டில் அப்படி இல்லை. உங்கள் குரலை போன் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுகிறது. சாதாரணமாக ஒரு செக்கனுக்கு 50 துண்டு. பத்து நிமிடம் பேசினால் 30,000 துண்டு! ஒவ்வொரு துண்டுக்கும் கடிதத்துக்கு விலாசம் எழுதுவது போல எழுதி அனுப்புகிறது. எல்லாத் துண்டும் ஒரே பாதையில்தான் போகணும் என்று இல்லை. அந்தப் பக்கத்துப் போன் அவற்றை வரிசைப்படுத்தி மறுபடி குரலாக்கிக் கொடுக்கிறது.

நம் வேலையை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம். பத்து மலையில் எடுத்த கொழுந்து வேறு வேறு லொறியில் ஸ்டோருக்குப் போகிறது. நேரத்துக்கு வந்த கொழுந்தைத்தான் வாட்டத்துக்குப் போட முடியும். ரொம்பப் பிந்தி, சிவந்து போய் வந்ததை ஒதுக்க வேண்டியதுதான். குரல் துண்டும் அப்படியே. பிந்தி வந்த துண்டை போன் தள்ளிவிடும். அதனால்தான் சிக்னல் குறைந்த இடத்தில் "ஹலோ... சாப்... யா..." என்று குரல் அறுந்து அறுந்து கேட்கிறது. போன் பழுதென்று நினைத்து அதைத் தட்டுவதில் பலன் இல்லை.

இந்த வித்தை ஒரே நாளில் வந்ததில்லை. 1995இல் இஸ்ரேலின் வோகல்டெக் நிறுவனம் கம்பியூட்டரில் இப்படிப் பேசும் முறையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2003இல் ஸ்கைப் வந்த பிறகு உலகம் முழுதும் பரவியது. அந்த ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடப்பட்டது. 2009இல் தொடங்கிய வட்ஸ்அப் முதலில் எழுத்து அனுப்ப மட்டும்தான். அதில் குரல் அழைப்பு 2015இலும், முகம் பார்த்துப் பேசுவது 2016இலும் வந்தன.

இதனால் வரும் நன்மைகள்

முதல் நன்மை காசு. ஆனால் "வட்ஸ்அப் கோல் சும்மா" என்று சொல்வது சரியில்லை. டேட்டா செலவாகிறது, கூப்பிட்டவருக்கும் செலவு, எடுத்தவருக்கும் செலவு. குரல் மட்டும் பேசினால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை எம்.பி. போகும். முகம் பார்த்துப் பேசினால் அதைப் போல பத்து மடங்கு வரை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 ஜி.பி. டேட்டாவில் குரல் மட்டும் என்றால் சுமார் 33 மணித்தியாலம் பேசலாம். முகம் பார்த்துப் பேசினால் 3 மணித்தியாலம் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். "நேத்துத்தானே ரீலோட் பண்ணேன், எங்க போச்சு?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

இரண்டாவது, சிநேகிதம் விட்டுப் போகாமல் இருப்பது. என்னோடு சாதாரண தரப் பரீட்சை எழுதின நாலு பேரில் ஒருவர் கொழும்பில் கடையில் நிற்கிறார், ஒருவர் கட்டாரில், இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை இரவு நாலு பேரும் ஒன்றாகப் பேசுவோம். போன வருடம் ஒருவருக்கு வேலை போய் மனம் உடைந்திருந்தபோது, அந்தப் பேச்சுத்தான் அவரைத் தூக்கி நிறுத்தியது என்று பிறகு அவரே சொன்னார்.

மூன்றாவது, வெளிநாட்டில் வேலை செய்யும் தாயின் முகத்தைப் பிள்ளை பார்க்க முடிவது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

இதனால் வரும் தொல்லைகள்

நம் வட்டவளைப் பக்கம் இலங்கையிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. தகரக் கூரையில் மழை விழும்போது கட்டாரில் இருக்கிற சிநேகிதர், "என்னப்பா, பொரியல் பண்றியா?" என்று கேட்கிறார். நாலு பேர் பேசும்போது ஒருவர் சொல்வது கொஞ்சம் பிந்திக் கேட்கும். உடனே இரண்டு பேர் ஒன்றாகப் பேசுவோம், பிறகு இரண்டு பேரும் ஒன்றாக நிறுத்துவோம். ஒருவர் லவுட்ஸ்பீக்கர் போட்டால், எங்கள் குரலே எங்களுக்குத் திரும்பி வரும். அவர் போனில் வெளியே வருகிற சத்தம் அவர் மைக்குக்குள் மறுபடி போவதுதான் காரணம். காதில் மாட்டுகிற வயர் போட்டால் அநேகமாகச் சரியாகும்.

நேர வித்தியாசம் இன்னொரு தொல்லை. குவைத்தும் சவுதியும் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே வீட்டு வேலை முடிந்து இரவு 11 மணிக்கு ஒரு தாய் கூப்பிட்டால் இங்கே 1.30. காலையில் பெரட்டுக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் அந்த நேரத்தில் எழும்ப வேண்டும். டுபாயில் வட்ஸ்அப்பில் எழுத்து போகும், பேச்சுக்கு நீண்ட காலமாகத் தடை. "என் மகன் வேணும்னே பேசுறதில்ல" என்று கோபித்த ஒரு தகப்பனுக்கு இதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

எப்போதும் வேலை செய்யும் என்றும் நம்பக் கூடாது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக வலைத்தளங்களைத் தடை செய்தார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலைநாட்டில் பல இடங்களில் மின்சாரமும் சிக்னலும் போய், உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தவர்கள் பலர்.

ஒரு இஸ்தோப்பில் நடந்தது

இனி நான் சொல்வதை ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு லயத்தில் பாட்டியும் இரண்டு பேரப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோல் வரும். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் லவுட்ஸ்பீக்கர்தான். பக்கத்துக் காம்பரா ஆட்களும் வந்து உட்காருவார்கள். "நல்லா இருக்கியா?", "நல்லா இருக்கேன்", "புள்ளைங்க சாப்பிட்டாங்களா?", "சாப்பிட்டாங்க". இப்படியே நாலு மாதம். நானும் ஒரு வெள்ளிக்கிழமை அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டவன்தான். சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் பாட்டி விறகுக்குப் போன இடத்தில் கோல் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மகள் முதலில், "அம்மா, யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "யாரும் இல்ல, நான் மட்டுந்தான்" என்றதும் அழ ஆரம்பித்துவிட்டார். நாலு மாதமாகச் சம்பளம் இல்லை. அனுப்பின காசெல்லாம் கூட வேலை செய்கிற ஒரு சிநேகிதியிடம் வாங்கின கடன். "லயமே கேக்குறப்ப இத எப்பிடிம்மா சொல்றது?" என்றாராம்.

பாட்டி விறகைப் போட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார். அவருக்காகப் புகார் எழுதிக் கொடுத்தோம். சில மாதம் கழித்து, வர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியோடு அந்தத் தாய் ஊர் திரும்பினார். இப்போது நம்மோடுதான் மலைக்குப் போகிறார். "வெள்ளிக்கிழமை வந்தா பயமா இருக்கும் ஐயா. நல்லா இருக்கேன்னு சொல்றதுதான் பெரிய வேலை" என்று ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நினைவில் வைக்க வேண்டியவை

1. வெளிநாட்டில் இருக்கிறவரோடு பேசும்போது முதல் கொஞ்ச நேரம் எல்லாரும் பேசலாம். கடைசிப் பத்து நிமிடமாவது ஒருவர் மட்டும், லவுட்ஸ்பீக்கர் இல்லாமல், தனியாகப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தானாக எழுந்து போனால் அதுவே பெரிய உதவி.

2. கூப்பிடும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். பிள்ளைகளின் தூக்கம் கெடக் கூடாது.

3. ஒருவர் பேசி முடித்து ஒரு மூச்சு விட்ட பிறகு மற்றவர் பேசுங்கள். குரல் அறுந்தால் முகம் பார்ப்பதை நிறுத்திக் குரலில் மட்டும் பேசுங்கள்.

4. சரிவான மலையில் கொழுந்து எடுக்கும்போதும், ரோட்டைக் கடக்கும்போதும் போன் பேச வேண்டாம்.

5. போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை, சிநேகிதர் பெயரில் கேட்டாலும், யாருக்கும் சொல்ல வேண்டாம். அது உங்கள் வட்ஸ்அப்பைத் திறக்கும் சாவி. அதை வாங்கினவர் உங்கள் பெயரிலேயே உங்கள் சொந்தக்காரரிடம் காசு கேட்பார். அப்படி யாராவது காசு கேட்டால், சாதாரண கோலில் கூப்பிட்டு அவர்தானா என்று உறுதி செய்யுங்கள்.

6. அவசரத்துக்கு வட்ஸ்அப் உதவாது. அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989. இவற்றைச் சாதாரண கோலில்தான் எடுக்க வேண்டும். முக்கியமான நம்பர்களை ஒரு பேப்பரில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். போன் அணைந்தால் அதற்குள் இருக்கிற நம்பரும் கிடைக்காது.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில கேள்விகள்

உங்கள் வீட்டில் போன் பேச்சு எத்தனை பேர் காதில் விழுகிறது? தூரத்தில் இருக்கிறவர் தனியாக ஒரு விஷயம் சொல்ல விரும்பினால் அவருக்கு இடம் இருக்கிறதா? ஸ்மார்ட் போன் இல்லாத சொந்தக்காரர், சிநேகிதர் யாராவது மறந்து போய்விட்டாரா?

என் தாத்தாவுக்குத் தம்பியோடு பேச வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை போன் அடித்தால், லவுட்ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, "நான் மட்டுந்தான் இருக்கேன், சொல்லு" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.