லீவரைப் பிடிக்கிறவர்தான் குற்றியையும் வைக்க வேண்டும்

விறகு பிளக்கும் ஹைட்ரோலிக் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை தொன் வாங்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உங்களோட ஆர் நிண்டு வேலை செய்யப் போகினம்?" என்று. இயந்திரத்தின் பலத்தைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அதன் முன்னால் எத்தனை கைகள் இருக்கும், எந்தக் கை எந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

நாங்கள் இருப்பது ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, பீற்றர்பரோப் பக்கத்து நாட்டுப்புறத்தில். எரிவாயுக் குழாய் எங்கள் வீதிவரை வரவில்லை. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வீட்டைச் சூடாக வைப்பது விறகடுப்புத்தான். விறகுக்குக் குறைவில்லை. 2002இல் டிட்ரோயிட்டிலும் அதற்கு எதிர்க்கரையான வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை ஊர் ஊராகக் கொன்றுகொண்டே வந்தது. 2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவைக் குறுக்கே கடந்த பெரும்புயல், பீற்றர்பரோவிலும் அக்ஸ்பிரிட்ஜிலும் ஒட்டாவாவிலும் வளர்ந்த மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. எங்கள் காணியில் கிடந்தவற்றைக் கோடாலியால் கொத்தி முடிக்க முடியாது என்று தெரிந்ததும், அயலவர் ஒருவரோடு பங்கு போட்டு இயந்திரம் வாங்கினோம்.

இயந்திரத்தின் வேலை எளிமையானது. ஒரு பெற்றோல் எஞ்சின் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி ஓர் இரும்பு உருளைக்குள் அனுப்புகிறது. உருளைக்குள் இருக்கும் தண்டு முன்னே வருகிறது. எங்களுடையதில் ஆப்பு அந்தத் தண்டின் முனையிலேயே இருக்கிறது. மறுமுனையில் ஒரு தட்டையான இரும்புப் பலகை. குற்றி இரண்டுக்கும் நடுவே. லீவரைத் தள்ளினால் ஆப்பு வந்து குற்றிக்குள் இறங்கும்.

தொன் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். உருளையின் உள்விட்டம் 4 அங்குலம் என்றால் அதன் முகப்பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர அங்குலம். எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 3,000 இறாத்தல் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் விசை 37,000 இறாத்தல் சொச்சம். இங்கே 2,000 இறாத்தல் ஒரு தொன். ஆக, அது 19 தொன்கூட இல்லை. அதே அழுத்தத்தில் 5 அங்குல உருளை 29 தொன் தரும். வெளியே ஒட்டியிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல் உருளையின் விட்டத்தையும் பம்பின் அழுத்தத்தையும் கேளுங்கள். வீட்டுக்கு 20 தொன் சுற்றி இருந்தால் பெரும்பாலான குற்றிகளுக்குப் போதும். முடிச்சு விழுந்த பெரிய எல்ம் குற்றிக்குத்தான் அதற்கு மேல் தேவைப்படும்.

வேகம் பம்பைப் பொறுத்தது. இவற்றில் பெரும்பாலும் இரண்டு நிலைப் பம்பு இருக்கும். எதிர்ப்பு இல்லாதபோது நிறைய எண்ணெயை அனுப்பித் தண்டை விரைவாக நகர்த்தும். ஆப்பு மரத்தைத் தொட்டு எதிர்ப்பு ஏறியதும், தானாகவே குறைந்த எண்ணெயைக் கூடிய அழுத்தத்தில் அனுப்பும். எஞ்சினின் சத்தம் கனத்துத் தண்டு மெதுவாகும் அந்தக் கணத்தைக் காதால் பிடித்துப் பழகுங்கள். மரம் முரண்டு பிடிக்கிறது என்பதை முதலில் சொல்வது அந்தச் சத்தம்.

கூடுதல் ஐந்து தொன்னுக்குக் கொடுக்கும் பணத்தை, பிளந்த பாதிகளைத் தாங்கிக்கொள்ளும் பக்கத் தட்டுக்குக் கொடுப்பேன். தட்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு பாதியும் நிலத்தில் விழும். சிலது காலில் விழும். விழுந்ததைத் திரும்பக் குனிந்து தூக்கிப் பிளக்க வேண்டும். நாள் முடிவில் முதுகு நோவது பிளந்ததால் அல்ல, குனிந்ததால். செங்குத்தாக நிமிர்த்தக்கூடிய இயந்திரம் இன்னும் நல்லது; தூக்க முடியாத குற்றியை நிலத்தோடு உருட்டிக்கொண்டு வந்து ஆப்பின் கீழே நிறுத்தலாம்.

இனி, கைகள்.

"அண்ணை, நீங்கள் குற்றியை வையுங்கோ, நான் லீவரைப் பிடிக்கிறன்." உதவிக்கு வருகிற எவரும் அன்போடு இதைத்தான் சொல்வார். இரண்டு பேர் சேர்ந்தால் வேலை பாதி என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். இந்த இயந்திரத்தின் முன்னால் அந்த வழக்கத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. குற்றி வைக்கிறவருக்கும் லீவர் பிடிக்கிறவருக்கும் நடுவே ஒரு தாளம் உருவாகும். வைத்தல், தள்ளல், வைத்தல், தள்ளல். தாளம் பிடிபட்ட பிறகு ஒருவரை ஒருவர் பார்ப்பது நின்றுவிடும். வைத்த குற்றி சற்றுச் சரிந்திருப்பதைக் கண்டு, வைத்தவர் நிமிர்த்தக் கையை நீட்டுவார். குற்றி இடத்தில் இருப்பதைக் கண்டு, மற்றவர் லீவரைத் தள்ளுவார். இருவரும் செய்தது சரியான வேலைதான். ஆனால் 20 தொன் விசைக்கு மரத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாது. இயந்திரங்களோடு வரும் கைநூல்கள் ஒருவர் மட்டுமே இயக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

ஐரோப்பாவில் விற்கும் பிளப்பான்களில் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். இரண்டையும் இரு கைகளாலும் பிடித்திருந்தால்தான் ஆப்பு நகரும்; எந்தக் கையை எடுத்தாலும் நின்றுவிடும். வட அமெரிக்காவில் வீட்டுக்கு வாங்கும் இயந்திரங்களில் வழக்கமாக ஒற்றை லீவர்தான். ஒரு கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் கைதான் ஆபத்தான கை. ஆகவே லீவரைத் தொடுவதற்கு முன் என் இடது கையைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொள்வேன். ஆப்பு மரத்துக்குள் இறங்கி நிற்கும்வரை அது அங்கேயே இருக்கும். ஆரம்பத்தில் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது கை தானாகவே போகிறது.

முன்னே தள்ளும்போது லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் அது நடுவுக்குத் திரும்பி ஆப்பு நிற்க வேண்டும். வேலை தொடங்குமுன் குற்றி வைக்காமல் ஒருமுறை தள்ளி, விட்டுப் பார்ப்பேன். நிற்காவிட்டால் அன்று வேலை இல்லை. வேகத்துக்காக லீவரைக் கயிறு போட்டுக் கட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன்.

உதவிக்கு வருகிறவருக்கும் நிறைய வேலை இருக்கிறது. குற்றிகளைக் கொண்டுவந்து பக்கத்து மேசையில் அடுக்கலாம். பிளந்து விழுந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். அட்டி போடலாம். இயந்திரத்துக்கு ஒரு பக்கம் நிலத்தில் நீளப் பலகை ஒன்றைப் போட்டிருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது அந்தப் பலகையைத் தாண்டி வருவது நான் மட்டும். பிள்ளைகளுக்கு எல்லை அதற்கும் வெகுதூரத்தில். கண்ணாடி, காதடைப்பு, விரல்முனையில் இரும்பு வைத்த சப்பாத்து மூன்றும் கட்டாயம். கையுறை போட்டால் கையோடு ஒட்டியதாக இருக்கட்டும். தொளதொள என்றிருப்பது குற்றிக்கும் இரும்புப் பலகைக்கும் நடுவே அகப்படும். குற்றியைப் பக்கவாட்டில் பிடித்து வையுங்கள், முனைகளில் பிடிக்க வேண்டாம்.

மரத்தை எப்போதும் நார் ஓடும் திசையில்தான் பிளக்க வேண்டும். குட்டையான துண்டைக் குறுக்கே கிடத்தி ஆப்பால் வெட்டிவிடலாம் என்று தோன்றும். குறுக்கே வைத்தால் நார் பிரிய வழியில்லாமல் விசை சேர்ந்துகொண்டே போய், துண்டு வெடித்துச் சிதறும். வாளால் சரிவாக அறுத்த குற்றியும் அதேபோல் ஆபத்து. முகம் பலகையில் படியாமல் ஒரு பக்கம் மட்டும் தாங்கும். அழுத்தம் ஏறியதும் எகிறி வெளியே வரும். ஆகவே நல்ல பிளப்பு அறுக்கும்போதே தொடங்குகிறது. எங்கள் அடுப்புக்கு 16 அங்குல நீளம். செயின்சோவைச் செங்குத்தாகப் பிடித்து, இரு முகமும் மட்டமாக அறுக்கிறேன்.

குற்றியின் முகத்தில் காய்ந்து விழுந்த வெடிப்பு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஆப்பை அந்தக் கோட்டில் வைத்தால் பாதி வேலையை மரமே செய்துவிடும். பெரிய குற்றியை நடுவில் பிளக்க முயல வேண்டாம். விளிம்பிலிருந்து ஒவ்வொரு செதிலாக எடுத்துக்கொண்டு வந்தால் நடு வைரம் சுலபமாக மிஞ்சும். கிளை பிரிந்த கவட்டைத் துண்டுகளோடு மல்லுக்கட்டுவதையும் விட்டுவிட்டேன். பக்கங்களைச் சீவிவிட்டு, நடுத்துண்டை அப்படியே வைத்திருந்து, நன்றாகக் காய்ந்த பிறகு கடும் குளிர் இரவுகளில் அடுப்பில் வைப்பேன். விடியும்வரை தணல் இருக்கும்.

ஆஷ் மரம்போல் பிளக்க இதமானது வேறில்லை. நேரான நார், பச்சையிலும் ஈரம் குறைவு. ஆனால் வண்டு தின்று நின்றபடியே செத்த ஆஷ், முறிந்து விழக்கூடியது; அதைச் சாய்க்கும் வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். மேப்பிளும் ஓக்கும் கனதியானவை, நேர்மையாகப் பிளக்கும், நீண்ட நேரம் எரியும். பேர்ச்சின் பட்டை ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கும்; பிளக்காமல் விட்டால் உள்ளே உளுத்துப்போகும். எல்ம் வேறு வகை. ஆப்பு முழுக்க இறங்கிய பிறகும் இரண்டு பாதிகளும் தும்பு திரித்த கயிறுபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது கையால் பிய்க்கத் தோன்றும். ஆப்பை முழுவதும் பின்னே எடுத்து, லீவரை விட்டு, குற்றியைத் திருப்பி வைத்து மறுபடி தள்ளுங்கள். மிஞ்சிய நாரைக் கைக்கோடாலியால் வெட்டலாம். குற்றி ஆப்பிலேயே இறுகிவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும்.

குளிர் மரத்துக்கு நல்லது, இயந்திரத்துக்குக் கெட்டது. உறைந்த மேப்பிள் கோடாலிக்கே பட்டென்று பிளக்கும். ஆனால் எண்ணெய் தடித்துவிடும். எஞ்சினும் பம்பும் நேரே இணைந்திருப்பதால், தடித்த எண்ணெயையும் சேர்த்துத்தான் கயிறு இழுத்து எழுப்ப வேண்டியிருக்கும். எழுப்பியதும் குற்றி வைக்காமல் சில நிமிடம் ஓட விடுங்கள். பிறகு ஆப்பை வெறுமனே முன்னும் பின்னும் நகர்த்தி எண்ணெயைச் சூடாக்குங்கள். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்து ஓட்ட வேண்டாம், கதவு திறந்திருந்தாலும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. உள்ளே வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், வீட்டு மின்சாரத்தில் ஓடும் 5 முதல் 7 தொன் சிறிய பிளப்பான்கள் இருக்கின்றன. ஒடுக்கமான நேர் ஆஷுக்கும் பேர்ச்சுக்கும் அவை போதும்.

எண்ணெய் கசிவதுபோல் தெரிந்தால் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்தால், அதிலிருந்து பாயும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் பொட்டுத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. உள்ளே தசை அழியத் தொடங்கிவிடும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு காட்போட் துண்டைக் குழாயின் அருகே பிடித்தால் ஈரம் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும். தோலில் பாய்ந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. என்ன எண்ணெய், என்ன அழுத்தம் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம் கொண்ட ஒரு முழு அட்டி, அதாவது 128 கன அடி, ஆண்டுக்குப் போதுமானவர்கள் ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்தாலே முடித்துவிடலாம். பக்கத்துத் தோட்டங்களுக்கு இரவல் கொடுக்கும்போது இயந்திரத்தோடு நானும் போகிறேன். முதல் அரை மணி நேரம் நின்று, லீவரும் குற்றியும் ஒரே ஆளின் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திரும்புவேன். பிளந்த விறகை ரொறன்ரோவில் இருக்கும் உறவினருக்குக் காரில் ஏற்றி அனுப்புவதில்லை. வண்டு விறகோடும் ஊர் தாண்டும். கனடிய உணவுப் பரிசோதனை முகமையும் விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறது.

பிளப்பதற்கு எனக்குப் பிடித்த காலம் மார்ச் கடைசி. நிலம் இன்னும் இறுகியிருக்கும், நுளம்பு வந்திராது, முன்னே முழுக் கோடையும் காய்வதற்கு இருக்கிறது. அட்டியை நிலத்தில் படாமல் கட்டைமேல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுகிறேன். ஒக்டோபரில் அட்டியின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மறுபடி பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பார்ப்பேன். வெளிமுகத்தில் குத்தினால் எப்போதும் நல்ல எண்தான் வரும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடுப்புக்கு. மேலே இருந்தால் புகைபோக்கியில் தார் படியும், அதில் தீப்பிடிக்கும். அந்த விறகு திரும்ப அட்டிக்குப் போகும். ஆஷும் மேப்பிளும் பெரும்பாலும் அந்த ஒக்டோபருக்கே தயாராகிவிடும். ஓக்கை எப்போதும் தனி அட்டியாகத்தான் போடுகிறேன், அதற்கும் அடுத்த ஆண்டுக்கென்று.